அலுமாரிக்குப் பின்னால் கர்லாக்கட்டை

1871 மார்ச் 3, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. கிணறு வற்றல். தபசு காலம், ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளைதான் சோறு, காலையில் வெறும் கோப்பி.

அத்தை பூசைக்குப் போனதும் கதவைத் தாழிட்டேன். கட்டை 70, பஸ்கி 60. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கட்டை 120 சுற்றினேனே. ஏன் குறைகிறது? நாளை கூட்ட வேண்டும்.

கட்டை இவருடையது. கோப்பி ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர்மார் எல்லாரும் உடம்பு தேற்றப்போகிறோம் என்று ஆளுக்கொரு சோடி வாங்கினார்கள். இவர் சுற்றியது ஒன்பது நாள். பிறகு அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டார். தூசி தட்டப்போய் நான் எடுத்தேன், விடவில்லை. கட்டை தோளைச் சுற்றி வரும்போது தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. கலியாணமாகி மூன்று வருடம். "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறவர்களின் சத்தமும் இல்லை.

மார்ச் 7, செவ்வாய்

க. 65, ப. 50. நேற்றைவிடக் குறைவு. மாலையும் ஒரு தரம் செய்தேன், அது இன்னும் மோசம். வயிறு நிறைந்தால் சுற்ற வராது என்று மத்தியானமும் அரை வயிறு. ரவிக்கை தொளதொள. தூக்கமில்லை.

வாங்க: உப்பு, கருவாடு, விளக்குத் திரி.

இவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். செய்யச் செய்யப் பலம் கூடத்தானே வேண்டும்? யாரைக் கேட்பது?

மார்ச் 11, சனி

கோவில் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அத்தை அங்கேயே விரல் மடக்கி எண்ணினார்.

"போன மாசமும் நீ தூரமாகல, அதுக்கு முந்தின மாசமும் இல்ல. ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

எனக்கே அது நினைப்பில்லை. சத்தியமாக இல்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம், "முழுகாம இருக்காப்பா" என்றார். இவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

பிள்ளைதானா? ஆமென்றால் இத்தனை நாள் கட்டை சுற்றி அதை என்ன பாடு படுத்தினேனோ. இல்லையென்றால் ஏன் நின்றது?

மார்ச் 14, செவ்வாய்

மடவளையிலிருந்து மருத்துவிச்சி வந்தார், அத்தை ஆளனுப்பி. வயிறு பார்த்தார், நாடி பார்த்தார். அத்தையை வெந்நீர் போட அனுப்பிவிட்டு என் உள்ளங்கையைத் திருப்பினார்.

"இதென்ன மகள், கையெல்லாம் காய்ச்சுப்போய் ஈக்கி?"

சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"இந்தியாவுலேந்து காட்டு வழியா நடந்து வாற பொம்புளையளுக்கு இப்பிடி மாசக்கணக்கா நிண்டுபோறத கண்டீக்கிறன். நடையும் பட்டினியும். தோட்டத்துக்கு வந்து சோறு திண்டா தன்னால வரும். புள்ளயாவும் இருக்கலாம், எனக்கு இப்ப சொல்லேலா. ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான். கட்டய வெய்யி, சோத்த திண்ணு."

அத்தையிடம் "பொறுத்துப் பாப்பம்" என்று மட்டும் சொல்லிப் போனார். அத்தை காதில் அது பிள்ளைதான் என்று விழுந்தது.

மார்ச் 17, வெள்ளி

கட்டை இல்லை, மூன்றாம் நாள். கைகால் குறுகுறுப்பு. இரண்டு தரம் அலுமாரி வரை போய்த் திரும்பினேன். அத்தை சுவாமியாரிடம் பேசி எனக்கு ஒருசந்தி விலக்கு வாங்கிவிட்டார். முட்டை, பால், ஆட்டீரல். இன்று அவர் சந்தைக்குப் போன நேரம் ஒரு குடம் தண்ணீர் தூக்கினேன். வாசலில் கண்டு பிடுங்கிக்கொண்டார்.

மார்ச் 26, ஞாயிறு

முந்தாநாள் மழை. ஹந்தானை மலை முழுக்கக் கோப்பி பூத்து வெள்ளை. வாசனை அறைக்குள் வரை.

அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறேன். கன்னம் சதை வைத்திருக்கிறது. பிள்ளை வந்த பூரிப்பு என்கிறார் அத்தை. ஓய்வெடுத்ததால் என்கிறேன் நான், மனதுக்குள். பெண்பிள்ளைதான் என்கிறார் இவர். நானும் ஒரு பேர் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 5, புதன்

விடியற்காலை தூரமானேன். எப்போதும்போல அதே அளவு, அதே வலி. மருத்துவிச்சி சொன்னதுதான் சரி.

அழுதேன். இல்லாத பிள்ளைக்கும் அழுகை வரும் என்று தெரியாது. அழும்போதே ஒரு நினைப்பு: இனிக் கட்டை சுற்றலாம். என்ன பெண் நான்.

ஏப்ரல் 8, பெரிய சனி

அத்தை மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. பெரிய வெள்ளி ஒருசந்திதான் என்று நினைத்தேன். காலையில் இவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"வயித்துப்புள்ளக்காரிய அன்னிக்கு குடம் தூக்க விட்டுட்டேன்பா. சந்தைக்கு நான் போயிருக்கக் கூடாது. நான்தான் கொன்னுட்டேன்."

இவர் தேற்றினார். கேட்கவில்லை.

எனக்கோ நல்ல பசி. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

பிள்ளையே இல்லை, கட்டை சுற்றித்தான் தூரம் நின்றது என்று சொன்னால் கட்டை விறகாகும். மலடிக்குக் காரணம் கிடைத்தது என்று ஊர் பேசும். சொல்லாவிட்டால் அத்தை, இல்லாத பிள்ளையைக் கொன்றவராகவே சாவார். மருத்துவிச்சியை வரவழைத்துச் சொல்லச் சொல்லலாமா? கோழைத்தனம்.

இவர் ஸ்டோரில். அத்தை அடுப்படியில், தனியாக. வெறும் வாயால் சொன்னால் தேற்றுவதற்குச் சொல்கிறேன் என்பார். கட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் முன்னால் நின்று சுற்றிக் காட்டப்போகிறேன்.