கிருத்திகைக்கு முன்னால் நின்றுபோன மாத்திரை

அக்கா,

அரிசி டப்பாவுக்குப் பின்னால் இன்று காலை ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. பிரிக்கவே இல்லை. இரண்டு வாரமாக என் மனைவி என்னைத் திட்டாததால் சந்தேகப்பட்டுத்தான் தேடினேன். "நல்லா இருக்கேன்னு ஒருத்தி சொன்னா, மாத்திரய நிறுத்திட்டாளான்னு பாருடா" என்று நர்ஸாக இருந்த நீ சொல்வாயே!

மாதவிடாய் நின்ற புதிதில் அவளுக்கு எழுந்த அனலில் திருத்தணி மலையே ஒரு முழம் உருகியது. எங்கள் மின்விசிறி அரக்கோணம் வரை பறந்து, ரயிலேறித் திரும்பியது. பாவம், அவளுக்குத் தூக்கமே இல்லை. டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை கொடுத்ததும் வீடு குளிர்ந்தது. ஆடி பிறந்ததும் மறுபடி அனல். "டெய்லி போட்டுகினுதான் இருக்கேன்" என்று சாதித்தாள். நான் டாக்டரை, மருந்துக்கடையை, மாத்திரையைச் செய்தவனை எல்லாம் சந்தேகித்தேன்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்த நீ, அவளோடு பூண்டு உரித்தபடி ஒன்றுதான் கேட்டாய்.

"கிருத்திகைக்குக் காவடி வேண்டிக்கினியா?"

"ஆங், அண்ணி. இதப் போட்டா மாசாமாசம் திரும்ப வந்துடுது. அந்த நேரத்துல மலைக்கு எப்டி ஏறுவேன்? அதான் நிறுத்திட்டேன்."

ஏறலாமா கூடாதா என்று நீ வாதாடவில்லை. டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாய். போகப்போக உதிரம் நின்றுவிடும் வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்க கேக்கலியே!"

அடுத்த ஆடியில் அவள் காவடியோடு ஏறினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரையும் அவள் முந்த, நான்தான் பின்னால் மூச்சிரைத்தேன்.

இன்று அட்டையை நீட்டி, உன்னைப் போலவே திட்டாமல் கேட்டேன். "ஏன்மா நிறுத்துன?"

"உங்கக்காவும் இதத்தான் போட்டுகினு இருந்தாங்க. அதாலதான் போய்ட்டாங்கன்னு தெருவே பேசுது. பயமா இருக்குதுங்க."

டெங்குக் காய்ச்சலில் வந்த உன் சாவைத் தெரு மாத்திரையின் தலையில் கட்டிவிட்டது. சிரிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"டாக்டரம்மாவயே கேளு. அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்திடு."

இதுவரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். வெளியே வந்தவளின் முகத்தைத் துப்பறிவாளன் போல ஆராய்ந்தேன்.

"இன்னா சொன்னாங்க?"

"உங்கக்காவுக்கு வந்தது வேறயாம். வருஷா வருஷம் மார்ப செக் பண்ணிகினு, நான் தொடரலாமாம். பயம் வந்தா ஒளிச்சு வைக்காம வந்து கேக்கச் சொன்னாங்க."

மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லி நடக்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. நீ விட்டுப்போன சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு, அவள் பின்னாலேயே நானும் கிளம்புகிறேன்.