பைக்குள் ஒளித்த கை

மே 5, திங்கள்
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டியது மாதிரி இருக்கிறது. நாளைக்கு எனக்கே புரியுமா, தெரியவில்லை.

மேல்முறையீட்டில் ஜெயித்து இன்றோடு ஏழு வாரம். பக்கவாதத்தில் என் வலது கை போனது நிஜம்தான் என்று ஒரு வருஷம் கழித்துப் பென்ஷன் ஆபீஸ்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். இயலாமைப் பென்ஷன் ‘லுலுஸ்’ என்று மலாயில் கடிதம். பாஸாகிவிட்டேன்! பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு சந்தோஷமாகப் பாஸானதில்லை.

பணம்தான் வரவில்லை.

மே 9
வரவில்லை.

மே 14
பென்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டேன். அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டதாம். நான் வேலை பார்த்த ஜுரு தொழிற்சாலைச் சம்பளம் வந்துகொண்டிருந்த பேங்க் கணக்கு அது. ரொம்ப நாள் தொடாததால் முடக்கி வைத்திருக்கிறார்கள். பேங்க்குக்குப் போய் எழுப்ப வேண்டும்.

மகள் துளசியிடம் சொன்னேன். லிட்டில் இந்தியா துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து காலை நீட்டியிருந்தாள். ஈப்போ கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த இடத்துக்கு ஜூன் 20க்குள் பணம் கட்ட வேண்டும். “பார்க்கலாம்ப்பா” என்றாள். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

மே 16
பேங்க்கில் கையெழுத்துக் கேட்டார்கள். இடது கையால் மூன்று தடவை போட்டேன். கவுண்டரில் இருந்த ரோஹானா என்ற பெண், “சைன் தாக் சாமா லா, அங்கிள்” என்றாள். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். எப்படிப் போகும்? திரும்பி வந்துவிட்டேன்.

மே 17
துளசி குடைந்து குடைந்து கேட்டாள். கையைக் காட்டினீர்களா என்றாள். எங்கே காட்டினேன் — அதைப் பேண்ட் பைக்குள் அல்லவா விட்டிருந்தேன். வரிசையில் பழைய கூட்டாளி யாராவது நின்றால்?

“கை வேல செய்யலன்னு ஒரு வருஷம் சண்ட போட்டீங்க. பேங்க்ல போயி நல்லா இருக்குன்னு நடிச்சீங்களாப்பா?”

சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். என்ன மனுசன்டா நீ என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மே 19
கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள் ரோஹானா. கவுண்டரைச் சுற்றி வந்து, என் வலது கட்டைவிரலைப் பிடித்துக் கைரேகை மெஷினில் வைத்தாள். பீப். இத்தனை நாளில் அந்தக் கை செய்த முதல் வேலை.

ஜூன் 12
வந்தது.

ஜூலை 6
ஃபெர்ரி ஜெட்டி. பட்டர்வொர்த் போய் ஈப்போ ரயில் பிடிக்க வேண்டும் துளசி. கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, சரியான கூட்டம். எல்லாரும் பார்த்திருப்பார்கள்.