இருபது நிமிடத்தில் நிற்கும் ஜெனரேட்டர்

நவம்பர் 18, 2024

காலையில் கரண்ட் போனதும் கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. இருமி இருமி நின்றது. அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீகாந்த் உடனே போன் செய்தான். "அங்கிள், கொஞ்சம் பாக்க முடியுமா?" முடியாமல் என்ன? ஆவடி பாக்டரியில் முப்பத்தொரு வருஷம் டாங்கி எஞ்சினை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி இறக்கியவன். ரிடையரானபின் இந்தச் சேக்காடு ஃப்ளாட்டில் இருபத்துநாலு வீட்டுக்கு ஓசி மெக்கானிக்.

டீசல் பில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் இரண்டு விரல் தண்ணீர். மழை, டேங்க் மூடி வழியாக இறங்கியிருக்கிறது. வடித்தேன், பில்டர் மாற்றினேன், டீசல் குழாயில் சிக்கிய ஏரை எடுத்தேன், ஓடியது. கழுவின பால் கவரை மடித்து மூடிக்கு அடியில் வைத்து இறுக்கினேன். பாக்டரி குவார்ட்டர்ஸில் ஸ்கூட்டர் டேங்குக்கு மழைக்காலத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். இனி ஒரு சொட்டு இறங்காது.

நவம்பர் 23

மறுபடி நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஓடி நின்றதாம். போனேன். மூடியைத் திறந்து டீசல் அளவு பார்த்தேன், மூடினேன், ஏர் எடுத்தேன், ஸ்டார்ட் செய்தேன். ஒரு கோளாறும் இல்லாத மாதிரி ஓடுகிறது. பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். நிற்கவில்லை. மாடிக்கு வந்து காபி குடித்து முடிப்பதற்குள் நின்றது.

வாட்ச்மேன் துலுக்கானம் சொல்கிறான்: "சார், மூடிய தொறந்து வுட்டா ஓடுது சார். இறுக்கி மூடிட்டா நின்னுடுது."

"எனக்கே எஞ்சின் சொல்லித் தர்றியா?" என்றேன்.

நவம்பர் 27

டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றி அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். குற்றமில்லை. குழாயில் கசிவில்லை. பம்ப் சரி. நான் இருந்தால் ஓடுகிறது, நான் போனால் நிற்கிறது. எஞ்சினுக்கு ஆள் தெரியுமா என்ன?

அப்படியென்றால் நான் போனபிறகு யாரோ கை வைக்கிறார்கள். பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் டீசல் கொண்டுவருவது யார்? ஊற்றுவது யார்? துலுக்கானம்தான்.

மனைவி சுலோசனாவிடம் சொன்னேன். "யோசிச்சுப் பேசுங்க. அந்த மனுஷனுக்கு மாடிப்படிக்கு அடியில இருக்குற ரூமை விட்டா போக்கிடம் இல்ல" என்றாள். இவளுக்கு ஊரில் எல்லோரும் நல்லவர்கள், என்னைத் தவிர.

டிசம்பர் 3

மூன்றாவது மாடி சபீனா, ஏழு மாதக் கர்ப்பிணி, லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். ஜெனரேட்டர் நின்று இருபத்தைந்து நிமிடம். உள்ளேயிருந்து அவள் அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

எல்லா வீட்டாரும் கீழே கூடிவிட்டார்கள். "என்னதான் பிராப்ளம் அங்கிள்?" என்றான் ஸ்ரீகாந்த். அத்தனை முகமும் என்னைப் பார்க்கிறது. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்காரன், தெரியவில்லை என்று சொல்வதா?

"டீசல்ல கலப்படம். ஊத்துறவனக் கேளுங்க" என்றேன்.

"நான் இன்னா சார் பண்ணேன்? பங்குல புடிச்சத அப்டியே கொணாந்து ஊத்துனேன்" என்றான் துலுக்கானம். ஸ்ரீகாந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் ஜெனரேட்டர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 5

துலுக்கானமும் அவன் மனைவி தாயம்மாளும் ரூமைக் காலி செய்தார்கள். எல்லாச் சாமானும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிட்டது.

டிசம்பர் 14

புது வாட்ச்மேன். டேங்கைக் கழுவி, புது டீசல் நானே போய் வாங்கி ஊற்றி, பழையபடியே கவர் வைத்து மூடி போட்டேன்.

இருபது நிமிடம். நின்றது.

டிசம்பர் 15

இன்று டீசல் நிரப்பி ஓடவிட்டு, அதன்பின் எதையும் தொடாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டாவது நிமிடம் இருமியது, நின்றது. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பால் கவர் டேங்க் வாய்க்குள் கிண்ணம் மாதிரி குழிந்து தொங்குகிறது.

மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அதைத்தான் நான் கவர் போட்டு அடைத்திருக்கிறேன். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. பம்ப் எதை இழுக்கும்? பார்க்க வரும்போதெல்லாம் முதல் வேலையாக மூடியைத் திறந்தவன் நான். அதனால்தான் நான் வந்தால் ஓடியது.

அவன் சொன்னானே — வாய் விட்டுச் சொன்னானே! கேட்டனா? பெரிய எஞ்சின்காரன்னு நெனப்பு எனக்கு. ஒரு ஆளோட சோத்துல மண்ணப் போட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்.

கவரைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது.

டிசம்பர் 16

வாட்ஸப் குரூப்பில் ஸ்ரீகாந்த்: "ஆள மாத்துனதும் ஜெனரேட்டர் சரியாயிடுச்சு. அங்கிளுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ்." கீழே பத்தொன்பது கைகூப்பு. இரண்டு முறை பதில் எழுதி இரண்டு முறையும் அழித்தேன்.

சுலோசனாவிடம் மட்டும் சொன்னேன். "அவங்க எங்க இருக்காங்கன்னு தேடுங்க" என்றாள்.

ஜனவரி 9

செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் துலுக்கானம் காவலுக்கு நிற்கிறான். கேட் ஓரமாகத் தகரக் கூண்டு, இரண்டு பேர் தங்க இடமில்லை. தாயம்மாள் பூந்தமல்லியில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம்.

நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? நான் பண்லன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு கீய நின்னுகினு இருந்தாங்கள்ல, அவுங்களாண்ட சொல்லு."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 26

ஃப்ளாட்டில் கொடியேற்றம். எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். ஜெனரேட்டரைச் சரிசெய்ததற்காக ஸ்ரீகாந்த் எனக்குச் சால்வை போர்த்தினான். சபீனா நிறைவயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினாள். அன்றைக்குக் கீழே நின்ற அத்தனை பேரும் எதிரே இருக்க, மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் நன்றி" என்றேன். சுலோசனா எழுந்து மாடிப்படி ஏறிப் போனாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.