நின்று நின்று ஓடிய கலியாணம்

மச்சாள்,

அந்தப் பெட்டி இப்போது என் மேசையில் கிடக்கிறது. உம்முடைய மகன் இன்று காலையில் கொண்டுவந்து தந்தான். ரீவியில் இன்ரநெற் படம் காட்டுகிற உள்ளங்கை அளவுப் பெட்டி, வயர், ரிமோட் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, "மாமி, நீங்கள் வைச்சுப் படம் பாருங்கோ. நான் வீட்டைப் பூட்டப்போறன்" என்றான். பையைத் திறந்ததும் உம்முடைய அலுமாரியின் பூச்சியுருண்டை மணம் அடித்தது. அதோடு எனக்கு விசரும் வந்துவிட்டது.

வருஷம் முடிந்து ஆட்டைத் திவசத்துக்கு வந்தவன். உம்முடைய செத்தவீட்டுக்கு லீவு கிடைக்கவில்லையாம். கனடாவிலிருந்து இன்ரநெற்றில் நேரடியாகப் பார்த்தான். அவன் பக்கம் ஒரு தடங்கலும் இல்லாமல் வடிவாக ஓடியதாம். நல்லது.

உமக்கு நினைவிருக்கும், தன் கலியாணத்துக்கு வர உமக்கு விசா கிடைக்கவில்லை என்று சொன்ன கையோடுதான் ஊருக்கு வந்த ஆரிடமோ இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டான். "இப்ப வயசுபோன ஆக்களுக்குக் குடுக்கிறாங்கள் இல்லையம்மா. என்ர கலியாணத்தை ரீவியில பெரிசாப் பாருங்கோ." நீர் நம்பினீர். உம்மைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, நானும்தான் நம்பினேன். அந்த நாட்டுக்காரரை இருந்த இருப்பில் திட்டித் தீர்த்தேன்.

கலியாணத்தன்று எங்களுக்குப் பொழுதுபடுகிற நேரம். பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கடுகு நிறச் சேலையை உடுத்துக்கொண்டு, மடியில் வாழ்த்திப் போடுகிற அறுகரிசித் தட்டோடு ரீவிக்கு முன்னால் கதிரையில் இருந்தீர். "தாலி கட்டேக்கை போடவேணும் மச்சாள். பிந்திப் போட்டாப் பலனில்லை" என்றீர். நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

படம் வந்தது. மாப்பிள்ளை மணவறைக்கு நடந்து வந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான். நடுவில் வட்டம் சுற்றியது. பிறகு பார்த்தால் ஐயருக்கு முன்னால் இருக்கிறான். மேளம் கேட்டால் படம் நிற்கும், படம் ஓடினால் மேளம் நிற்கும். "இப்பிடி நிண்டு நிண்டு வந்தா நான் எப்பவெண்டு போடுறது?" என்று தட்டை இறுக்கிப் பிடித்தீர். எங்கள் ஒழுங்கையில் கூப்பிட ஆர் இருக்கிறார்கள், பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கனடாவிலிருந்த உம்முடைய மகனின் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். "கழட்டிப் பூட்டுங்கோ அன்ரி" என்றான். சுவரில் வயரைக் கழற்றிப் பூட்டினேன். கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. "அப்ப உங்கட பக்கம்தான் லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டான்.

அப்போதுதான் பெட்டி எங்கே என்று வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது கண்ணாடி அலுமாரிக்குள், பின்னல் துணி போர்த்தியபடி கிடந்தது! "மகன் அனுப்பின சாமான், உப்புக்காத்துப் பட்டாப் பழுதாப்போம்" என்றீர். தொட்டால் தோசைக்கல்லுச் சூடு. ரவுட்டரோ இரண்டு சுவர் தள்ளிக் குசினி யன்னலில். பெட்டியை வெளியே எடுத்து ஓலை விசிறியால் விசிறினேன். ரவுட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். திரையில் தெரிந்த பற்சக்கரத்தை அமத்தி, படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தேன். கோதாரி விழுந்த பெட்டி, பிறகு ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது.

ஓடிய உடனே கமரா முன்வரிசைக்குத் திரும்பியது. பட்டுச் சேலையும் ஊன்றுகோலுமாகப் பெண்ணின் பெரியம்மா இருந்தா. நயினாதீவு மனிசி, உமக்கும் மூத்தவ. அதற்கு முதல் மாதம் குறிகட்டுவான் துறையில் கண்டபோது, கொழும்பில் ஒரு அலுவல் என்று எங்களுக்குச் சொன்னவ.

"அது அவவெல்லே?" என்றேன்.

"ஓம்."

கெட்டிமேளம் கேட்டது. எழும்பி நின்று, அறுகரிசியை அள்ளி, அவன் தலை தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டீர். நேரம் தப்பவில்லை. நானென்றால் தட்டோடு எறிந்திருப்பேன்.

மகன் போன் எடுத்தபோது என்ன சொன்னீர்? "விட்டு விட்டுத்தான் வந்ததப்பு. ஒருத்தரையும் ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலேல்லை." போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர். "நீரும் அப்பிடித்தான் சொல்லவேணும். பெடியை நோகப் பண்ணக்கூடாது." சரி என்றேன்.

அதற்குப் பிறகு அவன் எடுத்த போனெல்லாம் இந்தப் பெட்டியைப் பற்றித்தான். ரவுட்டரை உயரத்தில வையுங்கோ, வயரை மாத்துங்கோ, பழசுகளை அழியுங்கோ. வடிவாக ஓடுகிற சாமானுக்கு வைத்தியம் சொன்னான். நீர் "ஓம் அப்பு, ஓம் அப்பு" என்று கேட்டுக்கொண்டிருந்தீர். விசாக் கதையை அவனும் எடுக்கவில்லை, நீரும் எடுக்கவில்லை. நீர் படுக்கையில் விழும்வரை அப்படியே போனது.

இன்று வெளிக்கிடும்போது வாசலில் நின்று சொன்னான். "அண்டைக்கு மட்டும் இது வடிவா ஓடியிருந்தா மாமி! அம்மா என்ர கலியாணத்தைப் பாக்காமலே போயிட்டா. அந்த மனவருத்தம்தான் எனக்கு."

தன் மனவருத்தத்தையும் பெட்டியின் தலையில் கட்டிவிட்டான், பார்த்தீரோ. அதுவரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். "ஓடினது தம்பி. தெளிவா ஓடினது. முன்வரிசையில இருந்த ஆக்களையும் கண்டவ" என்றேன்.

படியில் குந்திவிட்டான். "நான் அம்மாவின்ர விசாவுக்குப் போடேல்லை மாமி. பொம்பிளை வீட்டார் தங்கட ஆக்களுக்குப் போட்டவை. அம்மாவைப் பிறகு ஆறுதலாக் கூப்பிடுவம் எண்டு நினைச்சனான்" என்றான். பிறகு, "அம்மா ஏன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?" என்றான்.

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும் எண்டுதான்."

அழுதான். அழட்டும் என்று விட்டேன். உமக்குக் கொடுத்த வாக்கை மீறியது உண்மை. அதற்கு உம்மிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கோவிப்பதென்றால் கோவியும்.

ஒன்றை மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்து ரீவியை நிற்பாட்டிய பிறகு, சேலையை மடித்துக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டீர். "மச்சாள், நான் அங்க போய் நிண்டிருந்தா அவனுக்கு வெக்கமாய் இருந்திருக்குமோ?" நான் சேலையின் மற்றத் தலைப்பைப் பிடித்துத் தந்தேன். இன்று அவனிடமே கேட்டிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. அவன் உடனே இல்லை என்று சொல்லாமல் ஒரு கணம் யோசித்துவிடுவானோ என்ற பயத்தில் கேட்காமல் விட்டேன்.