கூகுளில் மாப்பிள்ளை விசாரித்தது

15 ஜூன், ஞாயிறு

மானம் போயிற்று. கூகுளில் தேடுவதாக நினைத்துக்கொண்டு, "வெள்ளகோவில் சாய்சரண் குடிப்பாரா" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அடித்து அனுப்பிவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குரூப். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த, என் மனைவி கனகத்தின் தம்பி தனபாலும் அதில் உண்டு. அழிப்பதற்குள் அவனிடமிருந்து பதில்: "டீ மட்டுந்தானுங்க மாமா."

கனகம் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாலயே மாப்பிள்ளைக்குப் பட்டம் கட்டிப்போட்டீங்களா?"

17 ஜூன்

முன்பெல்லாம் மாப்பிள்ளையின் ஊருக்கே போய் டீக்கடையில், முடிவெட்டும் கடையில் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். என் முதுகு பஸ்ஸில் வெள்ளகோவில் வரை தாங்காது. மோட்டார் காயில் கட்டும் கடையை விட்டுப் போகவும் ஆளில்லை. அதனால்தான் கூகுள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் லோகப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். இன்று அவளுக்கு ஒரு மக்கு மாணவன் கூடுதல்.

"அப்பா, கூகுள்கிட்ட மனு எழுத வேண்டாமுங்க. நீங்க தேடற பக்கத்துல என்ன வார்த்தை இருக்குமோ அத மட்டும் போடுங்க."

பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அப்படியே சேர்ந்து வருவது மட்டும்தான் கிடைக்குமாம். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி. நான் இடைவெளி விட்டுப் போட்டேன். ஒட்டிப் போட வேண்டுமாம். சாய்சரண் பெயருக்குப் பின்னால் கழித்தல் போட்டு "குடி" என்று அடித்தேன்.

"அது அந்த வார்த்தை இருக்கற பக்கத்தத்தானுங்கப்பா கழிக்கும். ஆளோட குடிய இல்ல."

கடைசியாக, காலேஜ், கவர்மெண்ட் பட்டியலெல்லாம் பிடிஎஃப்பாகத்தான் கிடக்கும் என்று, அதை மட்டும் தேடும் வழியையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கே கொட்டாவி வந்துவிட்டது.

21 ஜூன்

மேற்கோள் குறி இல்லாமல் தேடினால் பஜனைப் பாட்டாகக் கொட்டுகிறது. போட்டுத் தேடினால் மாப்பிள்ளை வருகிறார்: காலேஜ் வாலிபால் அணியில் ஒரு போட்டோ, ரத்ததானம் செய்தவர்கள் பட்டியலில் ஒரு வரி, அப்பாவின் எண்ணெய் மில்லில் பங்குதாரர். குறை ஒன்றுமில்லை. இவ்வளவு வித்தை படித்தும் ஒரு குறை கிடைக்கவில்லையே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என்ன அப்பன் நான்!

29 ஜூன், ஞாயிறு

வெள்ளகோவிலில் இருந்து வந்திருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் ஜூலை 13 அன்று உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துவிடலாம் என்று முடிவு. மாப்பிள்ளையின் அப்பா அப்புசாமி தன்மையான மனுஷர். கிளம்பும்போது சொன்னார்: "நாங்களும் உங்க பொண்ணு பேரப் போட்டு நெட்டுல பாத்தமுங்க. ஒண்ணுமே வரலீங்க. ரொம்பத் திருப்தி."

எல்லாரும் சிரித்தார்கள். லோகாவும் சிரித்தாள்.

30 ஜூன்

ஒன்றுமே வரவில்லையா? யுனிவர்சிட்டியில் தங்க மெடல் வாங்கியவள் ஆயிற்றே! எனக்கு ரோஷம். கடையில் உட்கார்ந்து நானே தேடினேன். "கே. லோகப்பிரியா", மேற்கோள் குறிக்குள். அதே பெயரில் ஈரோட்டில் ஒரு பியூட்டி பார்லர். பார்லரைக் கழித்தேன், ஒட்டித்தான். பிறகு துண்டுச்சீட்டைப் பார்த்துப் பிடிஎஃப் மட்டும்.

மூன்றாவதாக வந்தது. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையம். பூச்சிகளைப் பற்றி ஐந்து வருட ஆராய்ச்சிப் படிப்பு, உதவித்தொகையோடு. தேர்வானவர்களில் நான்காவது பெயர் லோகப்பிரியா. தந்தை பெயர் கந்தப்பன். என் பெயர் இன்டர்நெட்டில் வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஜூலை 10க்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. சேரும் நாள் 14.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இவள்?

1 ஜூலை

நானும் சொல்லவில்லை. பத்து நாள்தானே. தேதி தானாகப் போய்விட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நல்ல இடம், நல்ல பையன். எனக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது.

4 ஜூலை

இன்றும் சொல்லவில்லை. காரமடைக்காரரின் மோட்டாருக்குக் கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்துப் புகைய விட்டேன். முப்பது வருஷத் தொழில்!

6 ஜூலை, ஞாயிறு

ஆர்.எஸ்.புரத்தில் பட்டுச்சேலை எடுத்தோம். மாம்பழ மஞ்சளா, மயில் கழுத்தா என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சரின்னா சரிங்கப்பா."

மதியம், நிச்சய விருந்துக்கு எந்தச் சமையல்காரர் என்று கேட்டதற்கும் அதே பதில். கனகம் என் காதில், "பாத்தீங்களா, புள்ள எவ்வளவு அடக்கம்" என்றாள். நான் சேலையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

9 ஜூலை

சாயங்காலம் லோகா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். கேட்டேன்: "வெள்ளகோவில் உனக்குப் புடிச்சிருக்குதா அம்மணி?"

தலையை நிமிர்த்தவில்லை. "உங்களுக்குச் சரின்னா—"

முடிக்க விடவில்லை. பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பட்டியலைப் பேப்பர் கட்டின் மேல் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான். கடைல."

பட்டியலை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"ஏன் கண்ணு சொல்லலே?"

"அம்மாவுக்குச் சர்க்கரை. நீங்க மோட்டாரத் தூக்க முடியாமத் தூக்கறீங்க. இந்தச் சம்பந்தம் வந்ததுக்கப்புறம்தான் ஊட்டுல எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தீங்க. அதைய எப்படிங்கப்பா கெடுக்கறது?"

"போறயா?"

ஒன்பதாம் வகுப்புப் பையன் எவனுடைய விடையிலோ சொட்டுச் சொட்டாக விழுந்து மை கலைந்தது. பிறகு போனை எடுத்தாள். சம்மதப் பொத்தானை அழுத்துவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தாள். தலையாட்டினேன்.

10 ஜூலை

அப்புசாமிக்குப் போன் செய்தேன். வார்த்தையை மாத்திப்போட்டேனுங்க, தப்பு எம் பேர்லதான், பொண்ணு படிக்கப் போகுதுங்க என்றேன். பிறகு, "படிப்புன்னா நல்லதுதானுங்க. முன்னயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

"இப்பத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது."

இரண்டாம் தடவையாக அதே வார்த்தை. இந்தத் தடவை சுலபமாக வந்தது.

கனகம் அடுப்படியில் இருந்து, "ஊரு பூராச் சொல்லிப்போட்டு இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு வெளிய போறதுங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

பெங்களூர் ரயிலில் எழுதுகிறேன். சேலம் தாண்டியாயிற்று. கனகம் ஸ்டேஷனுக்கு வந்தாள். புளிச்சோற்றுப் பொட்டலத்தை மகள் கையில் கொடுத்து, "உங்கொப்பனுக்கும் குடு" என்றாள். அந்த மட்டும் சந்தோஷம்.

ஜன்னலோரம் லோகா. முகத்தில் ஒரு தெளிச்சி. இதைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"அப்பா, கடைசி நாளுக்கு மொத நாள் போயி கண்டுபுடிச்சீங்க பாருங்க! ஒரு நாள் தள்ளியிருந்தா அவ்வளவுதான். சாமிதான் உங்கள அன்னைக்குத் தேட வெச்சிருக்குது."

"சொல்லிக் குடுத்த டீச்சர் அப்படி" என்றேன். சிரித்தாள்.

முப்பதாம் தேதியே பார்த்துவிட்டேன் கண்ணு, நாள் தப்பிப் போகட்டும் என்றுதான் ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன் — இதைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து, முதல் கை எனக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றேன்.