குளத்தை மூடப் போன மனிதர்

அன்பு மருமகள் ஹெஸ்டருக்கு,

மார்ச் பிறந்ததும் யார்க்‌ஷயர்த் தவளைகள் எல்லாம் மாநாடு கூட்டி, நீ தோட்டத்தில் தோண்டிய குளத்தில் ஏழு கோடி முட்டையிட்டுவிட்டன. நீ சண்டை போட்டுக்கொண்டு போன நாளிலிருந்து, "அவ குளம் எனக்கெதுக்கு? மூடிடறேன்" என்று முழங்கிவந்த உன் அப்பா, நேற்றுதான் மண்வெட்டியை எடுத்துக் குளக்கரையில் தயாராக வைத்தார்.

இன்று விடிந்தபோது குளம் உறைந்து கிடந்தது. மனிதர் இரவு உடையோடு மண்டியிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டிமேல் வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்!

"என்ன மச்சான், குளத்த மூடலையா?"

"போடா! உள்ள எல்லாம் மூச்சுமுட்டிச் செத்துடும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இத அவளுக்கு எழுதித் தொலைக்காத" என்றார்.

எழுதவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இந்த உறையில் ஒட்டியிருக்கும் தபால்தலை அவர் கொடுத்தது.

இப்படிக்கு,
தவளைகளின் தலைமைத் தூதர்,
உன் மாமா