நீ வாசிக்காமல் விட்ட பக்கம்

இன்று காலை எங்கள் தெருவில் டெங்குக்குப் புகை அடித்தார்கள். கதவைச் சாத்தச் சொல்லி மருமகள் சத்தம் போட்டாள். நான் சாத்தவில்லை. மருந்து நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், தோளில் பம்பும் வாயில் வெற்றிலையுமாக. நீ போய் நான்கு வருடம். உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

மலேரியாவுக்கு மருந்து அடிப்பதுதான் நம் இருவருக்கும் வேலை. நீ பனிச்சங்கேணித் தமிழன், நான் ஓட்டமாவடி முஸ்லிம். சண்டை நின்றிருந்த அந்தச் சில வருடங்களில் வாவியின் இரண்டு கரையிலும் நாம் ஏறாத வீடில்லை. சாமான்களை முற்றத்தில் தூக்கி வைத்துவிட்டு, சுவரில் அடித்த மருந்து காயும்வரை வீட்டுக்காரர்களோடு மரநிழலில் குந்தியிருப்போம். அப்படி ஒரு நாள் நீதான் ஒரு முஸ்லிம் கிழவரிடம் கேட்டாய், "உங்கட ஆக்கள் ஆதியில எங்கயிருந்து வந்தவங்க, காக்கா?"

அன்று தொடங்கியது. நீ கேட்பாய், நான் கொப்பியில் எழுதுவேன். மரக்கலத்தில் வியாபாரத்துக்கு வந்து கரையேறியவர்களின் பிள்ளைகள் என்றார்கள் ஒரு வீட்டில். மேற்குக் கரையில் பறங்கியர் துரத்த, கண்டி அரசன் இங்கே கொண்டுவந்து குடியேற்றிய ஆட்கள் என்றார்கள் இன்னொரு வீட்டில். எங்கள் வீடுகளிலும் உங்கள் வீடுகளிலும் குடி என்னும் வம்சத்தைத் தாய்வழியாகவே எண்ணுவதைக் கண்டு நீ துள்ளினாய். "மச்சான், இது ஒரு புத்தகம்டா. உன்ட பேரும் என்ட பேரும் சேத்துப் போடுவம்" என்றாய்.

அந்தக் கொப்பியில் மிக நீளமானது என் உம்மாவின் கதை. அதைக் கேட்க நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதித்து வந்தாய். உம்மா உனக்கு ஆப்பம் சுட்டுத் தந்துகொண்டே சொன்னார்.

"எங்கட ஆதி மூத்தவர் காய்ச்சலோட கிடந்தவர் மனே. பொழைக்க மாட்டாரெண்டு கப்பல்காரன் கரையில போட்டுட்டுப் போயிட்டான். அவருக்கெண்டு ஒரு துண்டு நிலம் இல்ல, மாத்துத் துணி இல்ல. மீன்பிடிக்கிற ஆக்கள் தூக்கிட்டுப் போய்க் கஞ்சி குடுத்தாங்க."

கொப்பியில் அதோடு ஒரு பக்கம் முடிந்தது. நான் புரட்டி மற்றப் பக்கத்தில் எழுதினேன்.

"கஞ்சி குடுத்த பொண்ணத்தான் அவர் முடிச்சது. பேர் பொன்னி. உங்கட ஆக்கள் மனே, உங்கட குடி. எங்கட வயல் வட்டை அவட தாய் குடுத்த சீதனம். அவர் வரம்பில நிண்டு தொழக்குள்ள, ஆரக் கும்பிடுறீங்க எண்டு கேப்பாவாம். கேட்டுக் கேட்டு அவவும் பக்கத்தில நிண்டா. பொறகு அவட தங்கச்சி வந்தா. இப்பிடித்தான் எங்கட ஊருக்கு மார்க்கம் வந்த."

நீ ஆப்பத்தை வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தாய். "அப்ப நாங்க சொந்தக்காரர்தானே உம்மா" என்றாய். அன்றிலிருந்து அவர் உனக்கும் உம்மா.

பிறகு சுனாமி நாளில் கடல் ஊருக்குள் வந்தது. உன் வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, உடுத்த சாரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாய். மூன்று மாதம் எங்களோடு இருந்தீர்கள். உம்மா தன் சேலைகளை உன் மனைவிக்குக் கொடுத்தார். புறப்படும் நாளில் நான் அந்தக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து உன்னிடம் தந்தேன். உன் வீட்டில் ஒரு கடுதாசிகூட மிஞ்சவில்லையே, இதாவது உன் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஊரில் வீட்டைத் திரும்பக் கட்டியும் கட்டாமலும் இருக்கையிலே வாகரைப் பக்கம் சண்டை வந்தது. செல் குண்டுகள் விழ விழ மறுபடி ஓடினாய். சித்தாண்டியில் உன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் குடிசை போட்டாய். அந்த நாட்களிலும் நான் வந்துபோனேன். எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "பொன்னி கதையெல்லாம் இனிப் பேசாதீங்க, நாம அறபிகள்ட வாரிசு" என்று கண்டித்ததையும் அங்கேதான் உன்னிடம் சொன்னேன். "ஊரில இனி வாய் திறக்க ஏலாது மச்சான், ஒதுக்கி வெச்சிருவாங்க" என்றேன். வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்தது. சண்டையால் இருபது வருடமாக நாங்கள் கால்வைக்க முடியாமல் கிடந்த எங்கள் வட்டையைப் பார்க்க என் மூத்த சகோதரி ராத்தாவும் நானும் போனோம். காடு வெட்டி, வரம்பு கட்டி, வாகரையிலிருந்து ஓடிவந்த உங்கள் ஆட்கள் விதைத்திருந்தார்கள். காணி உறுதிப் பத்திரம் எங்களிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. அரசாங்கக் கந்தோரில் விசாரணை வைத்தார்கள்.

நான் மரைக்கார்மாரோடு ஒரு பக்கம் இருந்தேன். எதிர்ப்பக்கத்தில் நீ எழுந்து நின்றாய், கையில் நம் கொப்பி. எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, கேள். எங்களுக்காகத்தான் எழுந்தாய் என்று நினைத்தேன்.

நீ வாசித்தாய். காய்ச்சலோடு வந்தவர். ஒரு துண்டு நிலம் இல்லாதவர். கஞ்சி குடித்துப் பிழைத்தவர். பக்கம் முடிந்தது. நீ கொப்பியை மூடினாய்.

"இவங்க பொறகு வந்த ஆக்கள் ஐயா. இவங்கட தாயே சொன்ன கதை" என்றாய்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இது உங்கட கையெழுத்துத்தானா?"

"ஓம்."

"வேற ஏதும் சொல்லக் கிடக்கா?"

மரைக்கார்மார் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னி என்ற பெயரைச் சொன்னால் போதும். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

நான் வாய் திறக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நானே உன்னிடம் கொடுத்திருந்தேன். அதன்மேல் நின்றுதான் நீ வாசித்தாய்.

வெளியில் மாமரத்தடியில் உன்னை மறித்தேன். "மத்தப் பக்கத்தையும் வாசிச்சிருக்கலாமே" என்றேன்.

"எங்கட ஆக்கள் எத்தின தரம்டா ஓடுற? இனி எங்க போவாங்க?" பிறகு என் கண்ணைப் பார்த்தே சொன்னாய், "நீ சொல்லியிருக்கலாம் தானே, மச்சான்."

வட்டை உங்கள் பக்கம் போனது. அதில் விதைத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கடலுக்கும் செல்லுக்கும் தப்பி வந்தவர்கள். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். ராத்தாவின் மகன் கத்தாருக்குப் போனான். உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "என்ட வாயால சொன்னதையா வாசிச்சான்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு உன் பெயரை அவர் எடுக்கவில்லை. மௌத்தாகும்வரை.

நீ பலமுறை ஆள் அனுப்பினாய். நான் வரவில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்று கேள்விப்பட்ட அன்றுதான் சித்தாண்டிக்கு வந்தேன். உன் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"உங்கட உம்மாட கதையை அவர் எங்கட மகளுக்கு எப்பவும் முழுசாத்தான் சொல்லுவார், அண்ணன். பொன்னிட பேரத்தான் பேத்திக்கும் வெச்சிரிக்கு."

அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள், பாவம். நீ அந்தப் பக்கத்தை மறக்கவில்லை. வீட்டில் முழுக்கதை, கந்தோரில் அரைக்கதை. உன் கால்மாட்டில் நின்று அழுதேன். அழுதது துக்கத்திலா, ஆத்திரத்திலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதி இதை முடிக்கலாம். உன் பெயரை எடுக்காமல் போன உம்மாகூட, இன்று இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார். ஆனால் இன்றும் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் பொன்னியின் கதையைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், வெளியில் சொல்லவேண்டாம் என்கிறேன். அந்தக் கணத்தில் என் வாயிலிருந்து வருவது உன் குரல், மச்சான். உன்னை மன்னிக்க வேண்டுமானால் முதலில் நான் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். இன்னும் திறக்கவில்லை.